உன் கியர் பாக்ஸுக்குள் லாரி ஆயில் போன விதம்

அன்றைக்குப் பெரம்பலூர் ஷெட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்துக்குள் இறங்கி, தலைக்கு மேலே கார் நிற்க, கையில் பம்போடு நின்ற உன் மாமன் செல்வராசு. பள்ளத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆயில் டப்பாக்களை ஒவ்வொன்றாக அவனிடம் நீட்டிய நான். காரைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் பிடித்த நீ. ஒன்பது மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் மனைவி கயல்விழி. அந்தப் பிள்ளை, என் பேத்தி. டீத் தட்டோடு வாசலில் நின்ற செல்வராசுவின் மனைவி பூங்கோதை. வேறு யாரும் இல்லை. மார்கழிக் காலை, வெயில் இன்னும் ஷெட்டுக்குள் வரவில்லை. உன் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பித்தான் இல்லை. பூங்கோதை கொண்டுவந்த டீயில் என்னுடையதில் மட்டும் சர்க்கரை குறைவு. நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். மறக்காமலே வைத்திருந்து, மூன்று வருஷம் உன்னிடம் சொல்லாமலும் இருந்தேன் என்பதுதான் உனக்குத் தெரியாது.

போன மாதம் ஓசூரிலிருந்து போன் செய்தாய். “அம்மா, தை பொறந்ததும் வேற கார் வருது. பழசுதான், ஆனா நல்ல ஸ்போர்ட்ஸ் கார். இந்தத் தடவ மாமா ஒரு போல்ட்டத் தொடக்கூடாது. லாரி ஆயில ஊத்தி வண்டியக் கொன்ன ஆளு அவரு” என்றாய். நான் “ம்” என்றேன். மூன்று வருஷமாக நீ அவனைப் பற்றி என்ன சொன்னாலும் நான் சொல்லி வந்தது அந்த “ம்” ஒன்றுதான். போனை வைத்த பிறகு என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். இதை எழுத ஆறு நாள் ஆகியிருக்கிறது. கார்க்காரர்கள் குழுவில் உன் மாமன் பேரைப் போட்டு, கடைப் பலகையைப் படம் பிடித்துப் போட்டு, ‘இங்கே வண்டி விடாதீர்கள்’ என்று எழுதினாய் அல்லவா? அதே குழுவில், அதே படத்துக்குக் கீழே இந்தக் கடிதத்தையும் போடு. அதற்காகத்தான் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து, தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

அரியலூரில் ஆயில் கடை நடத்துகிறவள் நான். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிப் போகிற டிப்பர் லாரிகள் கடை வாசலில் நின்றுதான் போகும். காலையில் துடைத்த டப்பா மத்தியானம் வெள்ளையாக இருக்கும், அப்படிப்பட்ட ரோடு. உன் அப்பா பக்கத்திலேயே லாரி ஷெட்டைப் பார்த்தார், நான் கடையைப் பார்த்தேன். அவர் போன பிறகு ஷெட்டை மூடிவிட்டேன், கடையை மூடவில்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினையோ கியர் பாக்ஸையோ பிரித்து வேலை பார்த்து மாட்டினால், முதல் ஆயிலைக் கைராசிக்காரர் ஒருவர் ஊற்ற வேண்டும். டிப்பர்காரர்களுக்கு அந்தக் கை என் கை. தா.பழூர், உடையார்பாளையம் என்று வண்டி அனுப்பி என்னைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஆயில் வித்தையும் அந்த லாரிகள் சொல்லிக் கொடுத்ததுதான். கியர் பாக்ஸில் சத்தம் வருகிறதா, கெட்டி ஆயில் ஊற்று, சத்தம் அடங்கும். பின் சக்கரங்களுக்கு நடுவே பல் சுற்றுகிற கிரவுனில் சத்தமா, அதைவிடக் கெட்டியாக நூற்று நாற்பதாம் எண் ஆயில் ஊற்று. கல் சுமக்கிற வண்டிக்கு அது சரி. சுமக்கிற வண்டியையும் பறக்கிற வண்டியையும் ஒன்றாகப் பார்த்தேன். இதுவரை சொன்னது அறியாமை. இனிமேல் வருவது அறியாமை இல்லை.

செல்வராசு தொழில் பழகியது உன் அப்பாவின் ஷெட்டில். என் கடையின் ஆயில் வாடையில் வளர்ந்தவன் அவன். பிறகு கார் வேலை கற்றுக்கொண்டு, பெரம்பலூரில் தனி ஷெட் போடப் போகிறேன் என்று கிளம்பினான். கிளம்புகிற அன்று கடை வாசலில் ஏழெட்டு டிரைவர்கள் நின்றார்கள். ஒருத்தன் அவனைப் பார்த்து, “அக்காவ வுட்டுட்டுப் போறியே, அங்க ஆயிலுக்கு யாருகிட்ட யோசன கேப்ப?” என்றான். இவன் சிரித்துக்கொண்டே, “எங்க அக்காவுக்கு ஆயில்ல ரெண்டு வகதான் தெரியும்ணே. கெட்டி, தண்ணி” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பதினாறு வருஷம் என் நெஞ்சில் கிடந்தது. அதற்குப் பிறகு அவன் எனக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறான், உன் கல்யாணத்தில் தாய்மாமனாக நின்று ஓடி ஓடி வேலை செய்திருக்கிறான். சேலையைக் கட்டிக்கொண்டேன். சொன்னதை விடவில்லை.

அந்தப் பச்சை ஜப்பான் காரை நீ வாங்கி வந்ததும், ஓய்வு கிடைத்த நாளெல்லாம் மாமனும் மருமகனும் அதைப் பிரித்துக்கொண்டு கிடந்ததும் எனக்குத் தெரியும். பின் சக்கரம் தள்ளி ஓடுகிற கார், பந்தயத் தடத்தில் ஓட்டப் போகிறேன் என்றாய். சந்தோஷம்தான். வேலை முடிகிற சமயத்தில் எனக்குப் போன் செய்து, “அம்மா, ஆயில் பார்சல் கடைக்கு வரும். வாங்கிப் பிரிக்காம வையி, நான் வர்றப்ப எடுத்துக்கறேன்” என்றாய். ஆயில் கடைக்காரி மகன் ஆயிலை வெளியூரிலிருந்து பார்சலில் வரவழைக்கிறான். அதுவும் அவள் கடைக்கே வருகிறது. பார்சல் கொடுக்க வந்தவன், “என்னம்மா, உங்களுக்கே ஆயில் பார்சலா?” என்று கேட்டுவிட்டுப் போனான். விளையாட்டாகத்தான் கேட்டான்.

பிரித்தேன். இன்ஜினுக்கு நான்கு டப்பா, கியர் பாக்ஸுக்கு மூன்று, கிரவுனுக்கு இரண்டு. கியர் ஆயில் சீலை உடைத்து விரலில் தொட்டுப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் மாதிரி ஓடியது. இதையா கியர் பாக்ஸில் ஊற்றுவார்கள், என் மகனை எவனோ ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன் என உனக்கு எழுதலாம். அது பாதி நிஜம். மீதிப் பாதி இது: என் கடை ஆயிலில் அந்தக் கார் ஓட வேண்டும், நன்றாக ஓடி நாலு பேர் உன் மாமனைப் புகழ வேண்டும், அப்போது எல்லாருக்கும் முன்னால், “ஓடுறது என் கெட்டி ஆயில்லதான்டா தம்பி” என்று நான் சொல்ல வேண்டும். அதற்காக ஐந்து டப்பாவையும் பழைய ஆயில் பீப்பாயில் கவிழ்த்துவிட்டு, லாரிக் கிரவுனுக்கு ஊற்றுகிற நூற்று நாற்பதை நிரப்பி மூடினேன். இன்ஜின் ஆயிலை மட்டும் தொடவில்லை. ஏன் தெரியுமா? இன்ஜின் பிடித்துக்கொண்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். கியர் பாக்ஸ் கெட்டால் தெரிய மாதக்கணக்கில் ஆகும். அந்த அளவு யோசித்துத்தான் செய்தேன். இதை எழுதும்போது என் முகத்தை உன்னிடம் காட்ட வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

ஷெட்டில் முதலில் இன்ஜின் ஆயிலை என் கையால் ஊற்றச் சொன்னாய். ஊற்றினேன். நீ என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். பிறகு செல்வராசு பள்ளத்தில் இறங்கினான். நான் டப்பாவை நீட்டினேன். மூடியைத் திருகியவன் நிமிர்ந்தான்.

“சீல் ஒடஞ்சிருக்கேக்கா?”

“ஒழுகுதான்னு தொறந்து பாத்தேன்.”

பம்பை இரண்டு இழுப்பு இழுத்தான். கைக்குக் கனமாக வந்தது. “ரொம்பக் கெட்டியா இருக்கே” என்றான், யாரையும் பார்க்காமல்.

“மார்கழிக் குளுருடா. உன் வூட்டுத் தேங்காண்ணயும் இப்பக் கெட்டியாத்தான் இருக்கும்” என்றேன். கயல்விழி, “ஆமாங்கத்தை, எங்க வீட்லயும் ஒறஞ்சுதான் கெடக்கு” என்று சிரித்தாள். அவன் அந்தத் திறந்த டப்பாவை ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு ஊற்றினான். கியர் பாக்ஸுக்கு, அடுத்து கிரவுனுக்கு. மேலே ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே உன்னிடம், “மாப்ள, ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு நேரா இங்க வந்துடுங்க. கியர் ஆயில், கிரவுன் ஆயில் ரெண்டயும் வடிச்சுட்டுப் புதுசு ஊத்தணும். புது வேல பாத்த கியர் பாக்ஸு, இரும்புப் பொடி உதுந்திருக்கும்” என்றான். நீ சரி மாமா என்றாய். அன்றைக்கே ஓசூருக்குக் கிளம்பிவிட்டாய்.

இரண்டு வாரம் கழித்து அவன் எனக்குப் போன் செய்தான். உன்னைக் கூப்பிட்டதாகவும், மீட்டிங்கில் இருக்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று நீ சொன்னதாகவும் சொன்னான். “காரக் கொண்டாரச் சொல்லுக்கா. கட்டாயம்.” சொல்கிறேன் என்றேன். உன்னிடம் சொல்லவில்லை. கார் திரும்பி வந்தால் வடிப்பான், வடித்தால் வெளிச்சத்தில் பார்ப்பான், கண்டுபிடித்துவிடுவான் என்ற பயம். மறுபடியும் போன் செய்தான். “அவன் அங்கயே ஆயில மாத்திட்டானாம்டா” என்று சொன்னேன். டப்பாவை மாற்றியது வீம்பு. இது பொய். டப்பாவை மாற்றிய பிறகும் உன் காரைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. அந்த வழியை அடைத்தவளும் நான்தான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். காலையில் இரண்டாவது கியர் விழ அடம் பிடித்தது, மூன்றாவதில் கரகரவென்று அரைத்தது, வளைவில் திரும்பினால் பின்னால் கடகடவென்று அடித்தது. ஓசூரில் பிரித்தவர்கள் உள்ளே இருந்த பித்தளை வளையங்கள் கறுத்துத் தேய்ந்துபோனதைக் காட்டி, “யாரோ லாரி ஆயில் ஊத்தியிருக்காங்க” என்றார்கள். நீ மாமனுக்குப் போன் செய்து பேசிய பேச்சை, அடுத்த நிமிஷமே எனக்கும் போன் செய்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாய். அவன் என்ன பதில் சொன்னான் என்று கேட்டேன். “என்ன சொல்லுவாரு? தப்பு நடந்துபோச்சு மாப்ளன்னாரு” என்றாய். அதன் பிறகு குழுவில் படம் போட்டாய். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் அவனைத் தேடி வந்த கார்கள் நின்றுபோயின. நாலு ரோட்டில் அவனைப் பார்த்தவர்கள், “என்னா செல்வராசு, காருக்கு டிப்பர் ஆயிலாமே?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அடுத்த ஆடிக்குள் ஷெட்டைக் காலி செய்துவிட்டான். என் பேத்திக்குக் காது குத்தியபோது அவனுக்குப் பத்திரிகை வைக்கக் கூடாது என்று நீ சொன்னாய். நான் “ம்” என்றேன். என் கூடப் பிறந்தவன் இல்லாமல் என் வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தேன்.

உன் போன் வந்த நாலாம் நாள் அரும்பாவூருக்குப் பஸ் ஏறினேன். பூங்கோதை ஊர் அது, இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். மக்காச்சோளம் அடிக்கிற மிஷின்கள், மருந்தடிக்கிற மோட்டார்கள் எல்லாம் அவனிடம் வருகின்றன. நான் போனபோது ஒரு மிஷினுக்குப் பேரிங் மாற்றிக்கொண்டிருந்தான். பூங்கோதை, “வாங்கண்ணி” என்று சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“அந்த டப்பா விஷயம் பேச வந்தேன்” என்றேன்.

“எந்த டப்பா?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. “மூடியத் திருகும்போதே தெரியும்க்கா. கந்தக வாட. உன் கடையில வளந்த மூக்குக்கு நூத்து நாப்பது தெரியாதா?”

“அப்பறம் ஏன்டா ஊத்துன?”

“ஒன் மகன் நிக்கிறான், மருமவ நிக்கிறா. அப்பத்தான் உன் கால்ல வுழுந்து எழுந்திரிச்சிருக்கான். எங்க அக்கா டப்பாவ மாத்திட்டான்னு அங்க நின்னு சொல்லவா? ஐநூறு கிலோமீட்டருக்கு ஒண்ணும் ஆவாது, வடிச்சுக்கலாம்னு நெனச்சேன்.”

“அவன் அங்கயே மாத்திட்டான்னு நான் சொன்னப்ப?”

“நம்புனேன். நீ பொய் சொல்லுவன்னு நெனக்கல.” அவ்வளவு நேரமும் மிஷினைப் பார்த்துப் பேசியவன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

“அவன் உன்னத் திட்டுனப்பவாச்சும் சொல்லியிருக்கலாமேடா.”

“சொல்லி? அவன் நம்புனா உன்கிட்டப் பேச மாட்டான். நம்பலைன்னா எனக்கு இன்னும் கேவலம். வுடுக்கா. சோளமிஷினு காருக்குக் கொறஞ்சதா என்ன.”

உன் புதுக் காருக்கு அவன் வந்து வேலை பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கார் தொடுவதில்லை என்றான். அப்படியானால் என்ன ஆயில் ஊற்றுவது என்றாவது சொல் என்றேன். அதைக் கேட்டதும் அவன் முகம் பழைய முகமாக ஆனது. ஒரு மணி நேரம் சொன்னான். அவன் சொன்னதை மறக்காமல் எழுதுகிறேன், இந்த ஒரு விஷயத்திலாவது என் ஞாபகம் நல்லதுக்கு உதவட்டும்.

இன்ஜின் ஆயில் டப்பாவில் இரண்டு எண் இருக்கும். முதல் எண், இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது ஆயில் எவ்வளவு சீக்கிரம் மேலே ஓடும் என்பதற்கு. சின்ன எண் என்றால் சீக்கிரம் ஓடும். இரண்டாவது எண், சூடேறிய பிறகு எவ்வளவு கனமாக நிற்கும் என்பதற்கு. காரோடு வந்த புத்தகத்தில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதுதான். இது வெயில் ஊர், ஒரு படி கெட்டியாக இருக்கட்டும் என்று என்னைப் போல யோசிக்காதே. உள்ளே இருக்கிற சந்துகளை அந்த எண்ணுக்கென்று அளந்து வைத்திருக்கிறார்கள். டர்போ இருந்தால் முழு சிந்தெடிக் ஆயில். பந்தயத் தடத்தில் ஓட்டினால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் சீக்கிரமே மாற்று.

கியர் பாக்ஸில்தான் நான் உன்னைக் கவிழ்த்தேன், அதனால் இதைக் கவனமாகப் படி. கடையில் இரண்டு வகை டப்பா இருக்கும், இரண்டிலும் எழுபத்தைந்து தொண்ணூறு என்று ஒரே எண் இருக்கும். பக்கத்தில் ஒன்றில் ஜி.எல். நான்கு, மற்றொன்றில் ஜி.எல். ஐந்து என்று இருக்கும். ஐந்து பெரிய எண், அதனால் உசத்தி என்று நினைக்காதே. ஐந்தில் கந்தக மருந்து அதிகம். கியர் மாறும்போது பல்லைப் பிடித்து வேகத்தைச் சமமாக்குகிற பித்தளை வளையங்களை அந்த மருந்து அரிக்கும். கெட்டி ஆயிலாகவும் இருந்தால் வளையம் வழுக்கும், பிடிக்காது. பெரும்பாலான பழைய கார்களின் கியர் பாக்ஸுக்கு நான்குதான்; அதையும் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய். கிரவுன் அப்படி இல்லை. அங்கே பல் பல்லின் மேல் வழுக்கி உரசும், அதற்கு அந்த ஐந்து வேண்டும். ஆனால் உன்னைப் போல் வேகமாக வளைகிறவர்களின் காரில் கிரவுனுக்குள் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கத் தட்டுகள் அடுக்கியிருப்பார்கள். அந்தத் தட்டுக்கென்று தனி மருந்து கலந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். நான் ஊற்ற வைத்ததில் அது இல்லை. வளைவில் நீ கேட்ட கடகட சத்தம் அந்தத் தட்டுகள் கத்தியதுதான். இன்னொன்று சொன்னான்: வடிக்கிற போல்ட்டைத் தொடும் முன் ஊற்றுகிற போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள். அது இறுகிக் கிடந்தால், வடித்த பிறகு ஊற்ற வழி இருக்காது. கடைசியாக ஒன்றை நானே சேர்த்துக்கொள்கிறேன். சீல் உடைந்த டப்பாவைப் பெற்ற தாய் நீட்டினாலும் வாங்காதே.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. உன் கார் போனது எனக்கு வருத்தம்தான், ஆனால் கார் போனது பெரிதில்லை. ஒரு மனிதன் இருபது வருஷம் குனிந்து வேலை செய்து சம்பாதித்த பேர் போனது. அதை எடுத்தது நான், ஊர் முழுக்கக் காட்டியது நீ. ஆகவே நீ செய்ய வேண்டியது, இந்தக் கடிதத்தைக் குழுவில் போடுவது. போட்ட பிறகு கயல்விழியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அரும்பாவூர் போவது. புதுக் காரில் போகாதே, பஸ்ஸில் போ. அவன் வா என்றால் உட்கார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடு. காரைப் பற்றி அவனாகப் பேசினால் பேசு. என்னோடு பேசுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள். பேசாவிட்டால் காரணம் எனக்குத் தெரியும், நான் யாரிடமும் போய்க் கேட்கமாட்டேன்.

உண்மையில் ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. எனக்குக் கெடுதல் செய்தவர்களை நான் விட்டதில்லை, உனக்குத் தெரியும். உன் அப்பாவின் சாவுக்கு வராதவர்கள் பேரை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் அவர்களை எல்லாம் இப்போது விட்டுவிடலாம் போல் இருக்கிறது, அவர்கள் செய்தது எவ்வளவு சின்னது என்று தெரிந்துவிட்டது. அந்த டப்பாவை அவன் அன்றைக்குக் கீழே வைத்திருக்கலாம். எல்லாருக்கும் முன்னால் என் மானத்தை வாங்கியிருக்கலாம். நான் அழுது கத்தி, மண்ணை வாரித் தூற்றி, ஒரு வருஷம் அவனோடு பேசாமல் இருந்து, பிறகு பேசியிருப்பேன். உன் காரும் ஓடியிருக்கும், அவன் ஷெட்டும் இருந்திருக்கும், நானும் கொஞ்சம் மனுஷியாக இருந்திருப்பேன். அவன் பேசாமல் ஊற்றினான். தன் பேரைக் கொடுத்து என் பேரைக் காத்தான், மூன்று வருஷம் நான் அதைத் தின்று உயிர் வாழ்ந்தேன். நானாகப் போய்ச் சொன்னபோது ஒரு அறை அறைந்திருந்தால்கூட இறங்கியிருக்கும். “வுடுக்கா” என்றான். இது நியாயம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் மனசு இளகவில்லை. அன்றைக்கு அந்த ஷெட்டில் இருந்த ஆறு பேரில் நான் சாகும்வரை மன்னிக்கப் போகாத ஒரு ஆள், என் தம்பி செல்வராசு.